உறைமோரும் வளர்ப்பூடகமும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத் தயிர்த்தொழில் பற்றிய ஓர் அறிவியல் வரலாற்று நோக்கு

முன்னுரை

மட்டக்களப்புப் பிரதேசத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அரசு, கோயில், குடிமுறை, வழிபாடு, கூத்து ஆகியவற்றின் வழியாகவே அதனை அணுகியுள்ளனர். 1962இல் எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்', 1964இல் வெளிவந்த வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' ஆகிய இரண்டும் அவ்வகையில் நமக்குக் கிடைத்த பெருஞ்செல்வங்களாகும். எனினும், ஒரு மக்கட் கூட்டத்தின் அறிவு முழுவதும் ஏட்டிலும் கல்வெட்டிலும் அடங்கிவிடுவதில்லை. அடுக்களையிலும் மாட்டுப் பட்டியிலும் குயவர் சூளையிலும் கைமாறி வந்த அறிவும் வரலாற்றுக்குரியதே. மீன்பாடும் தேனாடு எனப் புகழப்பெறும் இப்பிரதேசத்துக்கு நாடெங்கும் பெயர் ஈட்டித் தந்த எருமைத்தயிர் அத்தகைய அறிவின் விளைபொருள்.

பற்றீரியா எதனை உணவாகக் கொள்கின்றது, அவ்வுணவை எவ்வாறு பெறுகின்றது, வளர்ப்பில் எவ்வாறு பெருகுகின்றது என்னும் வினாக்களுக்கு ஐரோப்பிய ஆய்வுகூடங்கள் 1857ஆம் ஆண்டு தொடக்கம் ஒரு நூற்றாண்டுக் காலத்திற் படிப்படியாக விடை கண்டன. அவ்வாய்வின் தொடக்கத்தில் நின்ற பொருள்களுள் புளித்த பாலும் ஒன்று. ஆகவே, நுண்ணுயிரியலின் வரலாற்றையும் தயிர்ச்சட்டியின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்கு நியாயம் உண்டு.

இவ்வாறு நோக்கும்போது இருவகைப் பிழைகள் நேர இடமுண்டு. இன்றைய விஞ்ஞானம் கண்டவை யாவற்றையும் நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்பது ஒன்று. அவர்கள் செய்தது வெறும் பழக்கமேயன்றி அறிவு எனத்தக்கதன்று என்பது மற்றையது. இரண்டும் ஏற்கத்தக்கன அல்ல என்பதும், சட்டி அறிந்தது எது, ஆய்வுகூடம் அறிந்தது எது என்று பிரித்துக் காண்பதே பயன் தருவது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

வாவியும் பட்டியும்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. பாலமீன்மட்டிலும் கல்லாற்றிலும் கடலோடு கலப்பது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பு எழுவான்கரை எனவும், வாவிக்கு மேற்கே பரந்து கிடக்கும் வயலும் காடும் சார்ந்த நிலம் படுவான்கரை எனவும் வழங்கப்படுகின்றன. மக்கள் செறிந்து வாழ்வதும் சந்தைகள் அமைந்திருப்பதும் எழுவான்கரையில். நெல்லும் பாலும் விளைவது பெரிதும் படுவான்கரையில். இவ்விரு கரைகளையும் இணைத்தவை துறைகளும் அவற்றில் ஓடிய தோணிகளும் பாதைகளுமே. மண்முனைத் துறையிற் பாலம் திறக்கப்பட்டது 2014ஆம் ஆண்டிலேயாகும். கெடாத பாலை இவ்வாறு நீர்கடந்து கொண்டுசெல்லுதல் வெப்பம் மிக்க இந்நாட்டில் அரிது. தயிராக உறைந்த பால் நாட்கணக்கில் நிற்கும். எனவே தயிர் சுவைப்பொருள் மாத்திரமன்று. தூரத்தையும் வெப்பத்தையும் வென்று பாலைச் சந்தைக்குக் கொண்டுவந்த வழியும் அதுவே.

எருமை இந்நிலத்தின் நெற்செய்கையோடு ஒன்றியிருந்தது. வயலை உழக்கிச் சேறாக்குவதற்கும் சூடு மிதிப்பதற்கும் எருமைகள் பயன்பட்டன. உழவு இயந்திரம் பரவிய பின்னர் அப்பணி குறைந்தது, பால் எஞ்சியது. மாரிக் காலத்தில் வயல்களிற் பயிர் நிற்கும்போது பட்டிகள் மேற்கேயுள்ள மேய்ச்சல் தரைகளுக்குச் சாய்க்கப்படுவதும், அறுவடை முடிந்தபின் வயல்களுக்குத் திரும்பி வைக்கோலையும் தாளையும் மேய்வதும் இங்கு நெடுங்கால வழக்கம். புல்லும் தாளும் பாலாகவும், பால் தயிராகவும் மாறும் இத்தொடரைப் பின்னர் மீண்டும் நோக்குவோம்.

உறை என்னும் சொல்லும் செயலும்

பாலைத் தயிராக்குதற்கு இடும் சிறிதளவு பழந்தயிரை அல்லது மோரை உறை என்கிறோம். இச்சொல் இப்பொருளில் மிகப் பழமையானது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், உறையிட்டுத் தோய்ந்த தயிரை வைகறையிற் கடைந்து, மோரை ஊர்தோறும் கொண்டுசென்று விற்கும் ஆயர் மகள் ஒருத்தியைக் காண்கிறோம். நெய்யின் விலையாகப் பொன்னை ஏலாது எருமையையும் பசுவையும் அவள் பெற்றுக்கொள்வதாகப் புலவர் கூறுகின்றார். பெறுமதியின் ஊற்று எதுவென்று அவள் தெளிவாக அறிந்திருந்தாள் எனலாம். தமிழில் உறைதல் என்பதற்கு இறுகுதல் என்னும் பொருளும் தங்கி வாழ்தல் என்னும் பொருளும் உள. சொற்பிறப்பு நோக்கில் இவ்விரண்டையும் இணைத்துரைப்பதற்கு இங்கே முற்படவில்லை. எனினும், பாலில் தங்கி வாழும் ஒன்றே அதனை இறுகச் செய்கின்றது என்பது பின்னாளில் நிறுவப்பட்ட உண்மை.

செயல்முறை எளியது. பாலை நன்கு காய்ச்சுவர்; கை பொறுக்கும் அளவுக்கு ஆறவிடுவர்; மட்சட்டியில் வார்த்துச் சிறிது உறை சேர்ப்பர்; மூடி, அசைக்காது, இரவு முழுவதும் வைப்பர். இந்நான்கு செயல்களையும் ஆய்வுகூட மொழியிற் கூறுவதாயின் முறையே ஊடகத்தைக் கிருமியழித்தல், உகந்த வெப்பநிலைக்குக் கொணர்தல், வித்திடல், அடைகாத்தல் என்பனவாகும். இன்று எந்த நுண்ணுயிரியற் கூடத்திலும் ஒரு மாணவர் முதலிற் பயில்வது இவ்வொழுங்கையே.

ஒவ்வொரு செயலுக்கும் காரணம் உண்டு. காய்ச்சுவதாற் பாலிலுள்ள வேற்று நுண்ணுயிர்களுட் பெரும்பாலானவை மடிகின்றன. வித்துகளாக உறங்குவன சில மாத்திரம் தப்பும். கரைந்திருந்த ஒட்சிசன் வெளியேறுகின்றது. பாலிலுள்ள இயல்பான தடைப்பொருள்கள் சில செயலிழக்கின்றன. மோர்ப்புரதங்கள் தம் அமைப்பு மாறிக் கேசீனோடு பிணைந்து தயிரின் கட்டியைத் திண்மையாக்குகின்றன. உறையை நிறைய உயிருள்ள நிலையில் இடுவதால், தப்பிய வித்துகள் விழித்தெழுவதற்கு முன்னரே விரும்பிய பற்றீரியாக்கள் பாலைத் தமதாக்கிக்கொள்கின்றன. மட்சட்டியின் நுண்டுளைகள் வழியாக நீர் கசிந்து ஆவியாகி, தயிர் தண்மையும் இறுக்கமும் பெறுகின்றது. எருமைப்பாலில் நூற்றுக்கு ஏழு பங்களவு கொழுப்பும் நான்கு பங்குக்கு மேற்பட்ட புரதமும் இருத்தல் அவ்விறுக்கத்துக்கு மற்றொரு காரணமாகும்.

பாஸ்ரரின் சாம்பல்நிறப் படிவு

பால் ஏன் புளிக்கின்றது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வினாவுக்குச் செல்வாக்குப் பெற்றிருந்த விடை யேர்மானிய இரசாயன அறிஞர் லீபிக்குடையது. அழுகும் சேதனப் பொருளின் அதிர்வு அயலிலுள்ள வெல்லத்தையும் சிதைக்கின்றது என்பதே அது. 1857இல் பிரான்சின் லீல் நகரிற் பேராசிரியராக இருந்த லூயி பாஸ்ரர் இதனை மறுத்தார். புளித்த கலவையின் அடியிற் சேரும் சாம்பல்நிறப் படிவிலே மிக நுண்ணிய உருண்டைகளைக் கண்டு, அவை உயிருள்ளன என்றும், வெல்லத்தை இலற்றிக்கமிலமாக்குவன அவையே என்றும் கூறினார்.

அவர் அதனை நிறுவிய முறையே நமக்கு முதன்மையானது. மதுவத்தைக் கொதிநீரிலிட்டு வடித்த தெளிநீரில் வெல்லத்தைக் கரைத்து, சீமைச்சுண்ணம் சேர்த்து, அக்கலவையிற் பழைய புளிப்பிலிருந்து எடுத்த படிவின் சிறுதுளியை இட்டார். மறுநாளே நொதித்தல் தொடங்கியது, படிவு பெருகியது. அவர் செய்ததும் உறையிடுதலே. ஆயினும் வேறுபாடு ஒன்று உண்டு. பாலில் எல்லாம் ஒன்றாய்க் கலந்திருந்தன. பாஸ்ரரோ உணவைக் கூறுகளாகப் பிரித்து வைத்தார். வெல்லம் சத்திக்கு, மதுவ வடிநீர் நைதரசனுக்கும் கனியுப்புகளுக்கும், சுண்ணம் பிறக்கும் அமிலத்தை நடுநிலையாக்குவதற்கு. எது நீங்கினால் வளர்ச்சி நிற்கின்றது என்று கேட்கும் வாய்ப்பு இதனாற் பிறந்தது. தயிர்ச்சட்டி கேட்காத வினா இது.

அடுத்த படியை ஏறியவர் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்ரர். புளித்த பாலை மிகப் பெருமளவு நீரிற் கரைத்து, ஒரு துளியில் ஒரு பற்றீரியா அகப்படுவதே அரிது என்னும் அளவுக்கு ஐதாக்கி, காய்ச்சிய பால் கொண்ட கலங்களில் அளந்து இட்டார். சில கலங்கள் உறைந்தன. மற்றவை மாறாது நின்றன. உறைந்த கலத்தில் உள்ளவை ஓருயிரின் வழித்தோன்றல்கள் எனக் கொள்ள இது இடமளித்தது. 1878இல் வெளியான இவ்வாய்வு தூய வளர்ப்பு என்னும் கருத்தின் முதற் சான்றுகளுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றது. கடலும் மலையும் கடந்து, வெவ்வேறு தேவைகளுக்காக, ஆய்ச்சியரும் அறுவை மருத்துவரும் ஒரே உயிரினத் தொகுதியைப் பேணியமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

பாசியும் பெத்திரிக் கிண்ணமும்

திரவத்தில் வளரும் உயிர்களைப் பிரித்தெடுத்தல் கடினம். 1881இல் றொபேட் கொக் இறைச்சி வடிநீரைச் செலற்றின் கொண்டு கட்டியாக்கி, அதன் மேற்பரப்பிற் பற்றீரியாக்களைத் தனித்தனிக் குழுக்களாக வளர்த்தார். ஆனால் செலற்றின் 25 பாகை செல்சியசுக்குச் சற்று மேலே உருகிவிடும். சில பற்றீரியாக்கள் அதனையே உண்டு கரைத்துவிடும். மட்டக்களப்பின் சாதாரண பகற்பொழுதிலேயே அத்தட்டு நீராகிவிடும் என்பது எளிதில் உணரத்தக்கது.

இவ்விடரைத் தீர்த்த யோசனை ஓர் அடுக்களையிலிருந்து வந்தது. கொக்கின் கூடத்தில் பணியாற்றிய வால்ரர் ஹெசேயின் மனைவியார் பானி ஹெசே, பழக்கூழ் இறுகுவதற்குத் தாம் பயன்படுத்திய ஏகாரைச் சோதித்துப் பார்க்குமாறு கூறினார். அதனை அவர் சாவகத்தில் வாழ்ந்த ஒல்லாந்த அன்பர் வழியாக அறிந்திருந்தார். ஏகார் உருகுவதற்குக் கொதிநிலையை அண்டிய வெப்பம் வேண்டும். உருகிய பின் 40 பாகையளவிலேயே மீண்டும் இறுகும். பெரும்பாலான பற்றீரியாக்களால் அதனை உண்ண முடியாது. உணவைத் தாங்கி நிற்கும், தான் உணவாகாது. 1882இல் கொக் இதனைக் குறிப்பிட்டார். 1887இல் பெத்திரி தம் பெயர் தாங்கிய மூடுகிண்ணத்தை அறிமுகஞ் செய்தார்.

ஏகார் என்பது செம்பாசிகளிலிருந்து பெறப்படும் பொருள். நம் கடலோரத்தார் கஞ்சிப்பாசி என வழங்கும் இனமும் அவற்றுள் அடங்கும். திருகோணமலையிலும் புத்தளம் களப்பிலும் விளையும் இப்பாசி 'இலங்கைப் பாசி' என்னும் பெயரில் 1830களிலேயே கல்கத்தாவில் பணியாற்றிய மருத்துவர் ஓஷானசியின் ஆய்வுக்கு உட்பட்டது. நோயாளருக்கான உணவென ஐரோப்பியரிடையே அறிமுகமும் பெற்றது. கீழைத்தேயத்துக் கஞ்சிப் பாத்திரத்தின் பொருள் நுண்ணுயிரியலின் அத்திவாரப் பொருளாயிற்று. அடுக்களையறிவு ஆய்வுகூடத்துக்கு அயலானதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஒரு சட்டியின் இரவு

வளர்ப்பிற் பற்றீரியா பெருகும் முறையை முதலில் தெளிவாக வகுத்தோருள் ஒருவர் புக்கானன். 1918இல் அவர் வளர்ப்பின் வாழ்நிலைகளைப் படிகளாகப் பிரித்துக் காட்டினார். புதிய உணவுக்குத் தன்னை இசைவாக்கும் தாமத நிலை, ஒன்று இரண்டாகி இரண்டு நான்காகும் இரட்டிப்பு நிலை, பிறப்பும் இறப்பும் ஈடாகும் நிலையான கட்டம், இறுதியில் வீழ்ச்சி என இன்றைய பாடநூல்கள் அவற்றைச் சுருக்கிக் கூறும்.

இதனைத் தயிர்ச்சட்டியிற் பொருத்திப் பார்க்கலாம். நல்ல தயிரின் ஒரு மில்லிலீற்றரிற் பத்துக் கோடி பற்றீரியாக்களேனும் இருக்கும். பாலின் ஐம்பதில் ஒரு பங்கு உறை இட்டதாகக் கொள்வோம். பழைய அடர்த்தியை மீண்டும் எய்துவதற்கு ஐம்பது மடங்கு பெருகினாற் போதும். ஆறு முறை இரட்டித்தால் 64 மடங்கு. இரட்டிப்பு ஒன்றுக்கு நாற்பது நிமிடம் ஆயினும் நான்கு மணி நேரத்தில் அது நிறைவேறும். சட்டியை வேளையோடு உறையிட்டுவிட்டு உறங்கப் போனவர்கள் விடியலில் தயிரைக் காண்பதன் கணக்கு இதுவே. உறை மிகுந்தால் விரைவிற் புளிப்பதும் குறைந்தால் நேரம் நீள்வதும் இக்கணக்கிலிருந்தே பெறப்படும்.

இனி, உண்ணும் முறையைக் காண்போம். பற்றீரியாவுக்கு வாயில்லை. கலச்சுவர் சூழ்ந்த அதனுள்ளே நீரிற் கரைந்த சிறு மூலக்கூறுகளே, அவற்றுக்கெனக் கலமென்சவ்வில் அமைந்த வாயில்களின் வழியாக நுழைய முடியும். பால்வெல்லமாகிய இலற்றோசு அவ்வாறு உட்புகுந்து குளுக்கோசு, கலற்றோசு என இரண்டாகப் பிளக்கப்படுகின்றது. குளுக்கோசு இலற்றிக்கமிலமாக மாறும்போது வெளிப்படும் சத்தியே பற்றீரியாவின் வாழ்வுக்கு முதல். தயிரில் வாழும் கோளவுருப் பற்றீரியாவான திரெப்தோகொக்கசு தேமோபிலசின் வகைகளுட் பல கலற்றோசைப் பயன்படுத்தாமல் வெளியே தள்ளிவிடுகின்றன. கேசீன் போன்ற பெரிய புரதமோ வாயிலில் நுழையாது. கோலுருவான இலற்றோபசிலசு பல்காரிக்கசு தன் சுவரின் புறத்தே தாங்கிய நொதியத்தாற் கேசீனைச் சிறு துண்டுகளாக நறுக்குகின்றது. அத்துண்டுகளை அதுவும் உண்ணும். அருகிலுள்ள கோளவுருவும் உண்ணும். கைம்மாறாகக் கோளவுரு போமிக்கமிலத்தையும் காபனீரொட்சைட்டையும் வழங்கிக் கோலுருவின் வளர்ச்சியைத் தூண்டுகின்றது. நாட்டுத் தயிரில் இவ்விரண்டோடு வேறு இலற்றிக்கமிலப் பற்றீரியாக்களும் மதுவங்களும் கலந்திருத்தல் உண்டு. எனவே உறை என்பது ஓருயிர் அன்று, ஒரு குடியிருப்பு.

வளர்ச்சி ஏன் நிற்கின்றது? உணவு தீர்ந்துவிட்டது என்றே எவரும் எண்ணுவர். 1942இல் பாரிசில் யாக்கு மொனோ வெளியிட்ட ஆய்வேடு, உணவு மட்டுப்படுத்தப்பட்ட வளர்ப்பிற் பற்றீரியாவின் மொத்த விளைவு இட்ட உணவின் அளவுக்கு நேரடி விகிதமாக அமைவதைக் காட்டியது. ஆனால் தயிரில் நடப்பது வேறு. பாலிலுள்ள நூற்றுக்கு ஐந்து பங்கு இலற்றோசிற் பெரும்பகுதி தயிர் உறைந்த பின்னும் எஞ்சியிருக்கின்றது. 6.6 அளவில் இருந்த பாலின் பீ.எச். பெறுமானம் 4.6ஐ அணுகும்போது கேசீன் திரண்டு பால் உறைகின்றது; மேலும் அமிலம் சேரச் சேரப் பற்றீரியாக்கள் தாம் பிறப்பித்த அமிலத்தாலேயே தடையுண்டு நிற்கின்றன. உணவின் நடுவே, தம் கழிவினால் அவை ஒடுங்குகின்றன. பாஸ்ரர் தம் கலவையிற் சீமைச்சுண்ணம் சேர்த்ததன் பொருள் இப்போது விளங்கும். சட்டி காப்போருக்கோ அத்தடையே பயன். வேற்றுயிர்களை நெருங்கவொட்டாது தயிரைக் காப்பது அவ்வமிலமே.

சேறும் சட்டியும்

பற்றீரியாக்கள் யாவும் ஒரே தன்மையான உணவை வேண்டுவன அல்ல. வாவியோரத்துக் கண்ணாக்காட்டின் கருஞ்சேற்றைக் கிளறினால் எழும் நாற்றம் ஐதரசன் சல்பைட்டுக்குரியது. சல்பேற்றைத் தாழ்த்தும் பற்றீரியாக்கள் அதனைப் பிறப்பிக்கின்றன. வேறு பற்றீரியாக்கள் அதனையே ஒட்சியேற்றிச் சத்தி பெறுகின்றன. 1887இல் உருசிய அறிஞர் வினோகிராத்ஸ்கி கந்தகப் பற்றீரியாக்களில் இவ்வுண்மையைக் கண்டார். தொடர்ந்து, அமோனியாவை ஒட்சியேற்றும் பற்றீரியாக்கள் காபனீரொட்சைட்டிலிருந்தே தம் உடலைக் கட்டியெழுப்புவதையும் காட்டினார். சேதனப் பொருளை வேண்டாத அவற்றைப் பிரிப்பதற்கு அவர் சிலிக்காக் கூழைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. கனிப்பொருளும் காற்றும் நீரும் இருந்தாற் போதும், அவை வாழும்.

தயிர்ப் பற்றீரியாக்கள் இதற்கு நேர்மாறானவை. வெல்லமும் கனியுப்பும் மாத்திரம் கொடுத்தால் அவை வளரமாட்டா. அமினோ அமிலங்கள் பல, விற்றமின்கள் சில ஆகியவற்றைப் பிறர் ஆக்கித் தரவேண்டும். பாஸ்ரரின் மதுவ வடிநீர் அவற்றையே வழங்கியது. அவர் காலத்தில் அதனை அறிவார் இலர். டென்மார்க்கின் ஓர்லா யென்சன் 1919இல் இலற்றிக்கமிலப் பற்றீரியாக்களை விரிவாக வகைப்படுத்தினார். 1939இல் அமெரிக்க அறிஞர் எஸ்மண்ட் சினெல், இப்பற்றீரியாக்களின் இக்குறைபாட்டையே ஒரு துலாக்கோலாக்கினார். இரைபோபிளேவின் இன்றி வளராத இலற்றோபசிலசின் வளர்ச்சியை அளந்து, உணவுப் பொருளில் அவ்விற்றமின் எவ்வளவு உண்டு என அறியலாயிற்று. 1941இல் மிச்செல், சினெல், வில்லியம்சு ஆகியோர் நான்கு தொன் பசளிக்கீரையிலிருந்து ஒரு புதிய வளர்ச்சிக் காரணியைப் பிரித்தெடுத்துப் போலிக்கமிலம் எனப் பெயரிட்டதும் இத்தகைய பற்றீரியாவைச் சோதனையாளாகக் கொண்டே.

இங்கே நம் பிரதேசங்களுக்கு அணித்தான ஒரு செய்தி உண்டு. 1928 தொடக்கம் பம்பாயிற் கருவுற்ற ஏழைப் பெண்களின் குருதிச்சோகையை ஆராய்ந்த மருத்துவர் லூசி வில்சு, மதுவச் சாறாகிய மாமைற் அந்நோயைத் தீர்ப்பதை 1931இல் அறிவித்தார். 1934–35இல் இலங்கையை வாட்டிய மலேரியாக் கொள்ளைநோயின்போது சூரியமல் இயக்கத்தார் அதே சாற்றைப் போசணைக் குறைவுற்ற மக்களுக்கு வழங்கினர். அதன்கண் பொதிந்த காரணி போலிக்கமிலமே எனப் பின்னர் அறியப்பட்டது. பாஸ்ரரின் கலத்திற் பற்றீரியாவை வளர்த்த அதே மதுவச் சாறு பம்பாயில் தாயையும் காத்தது. உயிர்களின் உணவுத்தேவை பெரிதாயினும் சிறிதாயினும் ஒரே இரசாயனத்தால் ஆனது என்னும் பேருண்மை இதனாற் புலப்படும்.

தயிர்ப் பற்றீரியாக்கள் ஏன் இத்துணைச் சார்புடையனவாயின? 2004இல் வெளியான திரெப்தோகொக்கசு தேமோபிலசின் பரம்பரையலகு ஆய்வும், 2006இல் வெளியான இலற்றோபசிலசு பல்காரிக்கசின் ஆய்வும் இதற்கு விடை தருகின்றன. அவற்றின் பரம்பரையலகுகளிற் கணிசமான பகுதி சிதைந்து செயலிழந்து கிடக்கின்றது. வேண்டுவன யாவும் பாலிற் கிடைத்தமையால், தாமே ஆக்கிக்கொள்ளும் ஆற்றலைப் பேணவேண்டிய தேவை அவற்றுக்கு இல்லாது போயிற்று. இம்மாற்றம் அண்மைப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு உட்பட்டதெனக் கணிக்கப்படுகின்றது. மனிதர் பாலுக்காகக் கால்நடை வளர்க்கத் தொடங்கிய காலம் அதனுள் அடங்கும். நெல்லும் எருமையும் மனிதர் கைப்பட்டு மாறியவாறே, கண்ணுக்குத் தெரியாத இவ்வுயிரும் மனிதர் கைப்பட்டு மாறியது. ஆய்ச்சியர் தாம் காணாத ஒன்றைத் தலைமுறை தலைமுறையாகப் பழக்கி வீட்டுயிர் ஆக்கினர் எனின் அது மிகையன்று.

மேய்ச்சல் தரையும் எதிர்காலமும்

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு முடிவு இயல்பாகவே பெறப்படும். சேற்றுப் பற்றீரியா மனிதர் இன்றியும் வாழும். உறையோ பாலின்றி வாழாது. பால் எருமையின்றி இல்லை. எருமை புல்லின்றி இல்லை. ஆகவே, உறையின் வளர்ப்பூடகம் சட்டியின் விளிம்போடு முடிவதன்று. படுவான்கரைக்கு அப்பாலுள்ள மேய்ச்சல் தரைவரை அது நீள்கின்றது.

அத்தரைகள் பல வகையிற் சுருங்கின. குடியேற்ற, நீர்ப்பாசனத் திட்டங்களாற் காடும் புல்வெளியும் வயலாயின. 1983 முதல் 2009 வரை நீடித்த போரிற் பட்டிகள் சிதறின. அதன்பின்னர் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளிற் பயிர்ச்செய்கைக்கென நிலம் பிடிக்கப்படுவதை எதிர்த்து, 2023 செப்டம்பரிற் பண்ணையாளர் சித்தாண்டியில் தொடர் அறப்போராட்டத்தைத் தொடங்கினர். இது நிலவுரிமைச் சிக்கல் என்றே பேசப்படுகின்றது. அது சரியே. ஆயினும் அங்கே ஆபத்துக்கு உள்ளாவன நிலமும் மாடும் மாத்திரமல்ல. எந்த அருங்காட்சியகத்திலும் இடம்பெறாத ஒரு தொன்மரபு, அன்றாடம் கைமாறினாலன்றி நிலைக்காத ஒரு மரபு, அங்கே தங்கியுள்ளது.

தொழிற்சாலைகள் உலர்த்திப் பொதிந்த தூய வித்துகளைக் கொண்டு தயிர் செய்கின்றன. ஒவ்வொரு முறையும் ஒரே சுவை, ஒரே கட்டி என்பது அதன் நன்மை. லிஸ்ரர் தொடக்கிவைத்த வழியின் விளைவு அது. ஆனால் தெரிந்தெடுத்த ஓரிரு வகைகள் எங்கும் பரவும்போது, ஊருக்கு ஊர் வேறுபட்ட நாட்டுறைகள் மறையும். விதைநெல்லுக்கு நேர்ந்தது உறைக்கும் நேரலாம்.

முடிவுரை

சட்டி அறிந்தது பேணுதலை. ஆய்வுகூடம் அறிந்தது பிரித்தலை. காய்ச்சுதல், ஆற்றுதல், வித்திடுதல், காத்திருத்தல் என்னும் வளர்ப்பின் ஒழுங்கை நம் முன்னோர் பிழையறக் கண்டறிந்தனர். அவ்வொழுங்கின் காரணத்தை அவர் கண்டிலர். காரணத்தைக் காண்பதற்கு உணவைக் கூறாக்கவும் உயிரைத் தனியாக்கவும் வேண்டியிருந்தது. அதனைச் செய்தவர்கள் பாஸ்ரரும் லிஸ்ரரும் கொக்கும் சினெல்லும். இவ்விரு அறிவுகளுள் ஒன்றை மற்றதன் நிழலாகக் கருதுதல் இரண்டுக்கும் நீதியன்று.

இனிச் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. படுவான்கரையின் ஊர்தோறும் வழங்கும் உறைகளைத் திரட்டி, அவற்றில் வாழும் பற்றீரியாக்களை இனங்கண்டு, வளர்ப்புச் சேமிப்பகத்திற் பாதுகாத்தல் வேண்டும். வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்களுக்கு உகந்த பணி இது. அதனோடு, உறையிடும் முறைகளையும் அத்தொழிலின் கலைச்சொற்களையும் முதியோரிடமிருந்து கேட்டு எழுதிவைத்தல் தமிழ் மாணவர்க்கு உரியது. எனினும் குளிரூட்டியில் உறங்கும் வளர்ப்பு, வித்து மாத்திரமே. அவ்வித்து வாழ்வாக மலர்வதற்குப் பட்டியும் புல்லும் உறையிடும் கையும் வேண்டும். மேய்ச்சல் தரையைக் காத்தல் உழவர்க்கும் இடையர்க்கும் உரிய கோரிக்கை மாத்திரமன்று. இப்பிரதேசத்தின் அறிவு வரலாற்றைப் பேண விரும்பும் அனைவருக்கும் உரிய கடமையுமாகும்.